கேப்டன் வேலப்பனின் கடைசிக் கடிதம்

திருவனந்தபுரத்தில் சினிமா பார்த்த அத்தனை பேரும் தாணுமாலயனின் கையெழுத்தைப் பார்த்திருப்பார்கள். ஆளைப் பார்த்தவர்கள்தான் குறைவு. கதாநாயகி தலையணைக்கடியிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிற காதல் கடிதம் அவர் எழுதியது. வில்லன் ஆள்விட்டு அனுப்புகிற மிரட்டல் சீட்டும் அவர் எழுதியதுதான். வீட்டைவிட்டுப் போகிற பெண் விளக்கடியில் வைத்துவிட்டுப் போகும் நாலு வரிக்கு எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு சொல்லின் மேல் ஈர விரலை வைத்துக் கலைத்துவிடுவார். கொட்டகையில் பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். ஊருக்குத் தெற்கே இருந்த ஸ்டுடியோவில் போர்டு எழுதப் போனவர், கையெழுத்து அழகாக இருக்கிறதென்று கடிதம் எழுத உட்கார்த்தி வைக்கப்பட்டு அப்படியே இருந்துவிட்டார்.

அது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் எழுதிப் பார்க்கட்டும். வெள்ளைத் தாள் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும். அதனால் தாளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி நிழலில் காயப் போடவேண்டும். ஆறு வரிக்கு மேல் போகக்கூடாது. கடைசி பெஞ்சில் பீடி பிடிக்கிறவனுக்கும் எழுத்து தெரியவேண்டும். பல நடிகர்களுக்குக் கையெழுத்துப் போடுவதே பெரும்பாடு. அதனால் எழுதுகிற கையை மட்டும் காட்டும்போது சட்டைக் கையை மாற்றிக்கொண்டு இவரே உட்கார்ந்துவிடுவார். பணக்காரர், ஏழை, போலீஸ் அதிகாரி என்று எத்தனையோ பேருக்குத் தாணுமாலயனின் கைதான் கை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யார் சொல்லையும் கேட்கமாட்டார். சாவுச் செய்தி சொல்லும் கடிதத்தை அவர் பிறந்த சுசீந்திரம் பக்கத்தில் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. மேலே பிள்ளையார் சுழி இருக்காது. முற்றத்தில் நின்றே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலை முழுகிய பிறகுதான் வாசல் படி ஏறுவார்கள். முழுசாக வைத்திருந்தால் அது இன்னொரு சாவைக் கூட்டிக்கொண்டு வரும் என்பது நம்பிக்கை. சினிமாவுக்கு எழுதினாலும் எழுதுகிறது எழுத்துதானே என்பார் தாணுமாலயன். ஷாட் முடிந்ததும் கையோடு கிழித்துப் போட்டு, ஸ்டுடியோ குழாயடியில் தலையை நனைத்துக்கொள்வார். விளக்குப் பிடிக்கிற பையன்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று துண்டை உதறித் துவட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

தும்பாக் கடற்கரையிலிருந்து ராக்கெட் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. சாயங்காலம் மேற்கே வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் புகைக்கோடு தெரிந்தால் பஸ்ஸை நிறுத்திவிட்டுக்கூட ஆட்கள் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் டைரக்டர் சத்தியதாஸுக்கு அந்த யோசனை வந்தது. நெய்யாற்றின்கரைக்காரர். அதற்கு முன்னால் ஒரு பேய்ப்படம் எடுத்துப் பெயர் வாங்கியிருந்தார். ஒரு கேப்டன் ராக்கெட்டில் ஏறி வேறொரு கிரகத்துக்குப் போய்த் திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்கிறான் என்பது கதை. பேச்சு தமிழில். ஸ்டுடியோவில் எல்லோரும் அதை ராக்கெட் படம் என்றுதான் சொன்னார்கள்.

சத்தியதாஸ் தாணுமாலயனைக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு மூன்று இங்கிலீஷ் படங்களைக் காட்டினார். அந்தப் படங்களில் கடிதமே கிடையாது. ஒரு கண்ணாடியில் பச்சை எழுத்து தானாக வருகிறது, ஆபத்து என்கிறது, தானாக அழிந்துபோகிறது. நலமா என்று ஒருவனும் ஒருவனைக் கேட்பதில்லை. "என்ன அண்ணாச்சி, எப்படி உண்டு?" என்று சத்தியதாஸ் கேட்டதற்கு, "நல்ல ஏற்பாடுதான் சாரே. தானே அழிஞ்சு போவுது. கிழிக்க வேண்டாம், குளிக்க வேண்டாம்" என்றார் தாணுமாலயன்.

அந்தக் கிரகத்துக் கதவுகளில் எழுத அவரே ஓர் எழுத்து உண்டாக்கினார். மலையாள எழுத்தைத் தலைகீழாக நிறுத்தி வால் வைத்துவிட்டார், அவ்வளவுதான். பச்சை எழுத்துக்கும் கண்ணாடியின் பின்னால் தாளை நகர்த்தி ஒரு வழி பண்ணினார். ஆனால் சத்தியதாஸ் விவரமான ஆள். பச்சை எழுத்தைப் பார்த்து நம் சனம் அழாது என்று அவருக்குத் தெரியும். கடைசியில் எல்லா எந்திரமும் நின்றுபோக, கேப்டன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அம்மாவுக்குக் கையால் எழுதுகிறான். எழுதி, ஒரு உலோகக் குழாயில் போட்டு வெளியே தள்ளிவிடுகிறான். அது பூமியில் வந்து விழும்போது அவன் இல்லை.

கேப்டனுக்குப் படம் முழுக்கப் பெயரே கிடையாது. எல்லோரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை, கடிதம் எழுதுகிற நாள் வரை.

அன்றைக்குத் தாணுமாலயன் வெள்ளி நிறக் கையுறையை விரல் நுனி தெரிய மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நாட்கள். இரண்டாவது தடவை எடுக்க சத்தியதாஸ் சம்மதிக்கமாட்டார். காமிரா ஓடியது. அம்மா, இது உன் கையில் கிடைக்கும்போது நான் இருக்கமாட்டேன் என்று தொடங்கி ஒரு தடுமாற்றமும் இல்லாமல் எழுதிக்கொண்டே வந்தார். இப்படிக்கு உன் மகன் என்று எழுதி நிறுத்தினார். அவர் கையில் கொடுத்திருந்த சீட்டில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"பேரு போடுங்க அண்ணாச்சி, பிலிம் ஓடுது. வாயில வந்த ஏதாவது பேரு" என்று சத்தியதாஸ் பின்னாலிருந்து படபடத்தார்.

மகன் என்று எழுதிய பிறகு அந்தக் கை இதுவரை ஒரே ஒரு பெயரைத்தான் எழுதியிருக்கிறது. அன்பு மகன் வேலப்பனுக்கு என்று. அவருடைய ஒரே பிள்ளை வேலப்பன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். எந்தத் துறைமுகத்தில் இருக்கிறானோ அந்த விலாசத்துக்கு இவர் எழுதுவார், ஒன்றிரண்டு போய்ச் சேரும். கை யோசிக்கவில்லை. வேலப்பன் என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுத்தது. கட் என்று கத்திவிட்டு சத்தியதாஸ் வந்து தோளைத் தட்டினார்.

"கேப்டன் வேலப்பன். கேக்கவே அடுத்த வீட்டுப் பையன் மாதிரி இருக்கு."

"சாரே, அது என் மகன் பேரு."

"அப்பம் கொள்ளாமல்லோ, நல்லதாப் போச்சு. பய பேரு சினிமாவுல வருதுன்னா சும்மாவா?"

அன்று மத்தியானத்துக்குள் எல்லோரும் கேப்டனை வேலப்பன் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். தாணுமாலயன் கடிதத்தைக் கிழிக்கப் போனபோது சாமான் அறைக்காரர் தாசையன் வந்து வாங்கிவிட்டார். தாசையன் கெட்டவர் இல்லை. இத்தனை வருஷமாகக் கடிதத்தைக் கிழிக்க விட்டவர்தான். ஆனால் இந்தக் கடிதத்தை அம்மா வாங்கிப் படிக்கிற காட்சி இன்னும் எடுக்கவில்லை. அதே தாள், அதே மடிப்பு இருக்கவேண்டும். "அடுத்த வாரம் அம்மா சீன் எடுத்ததும் நானே உங்க கையில தாறேன், கிழிங்க" என்று சொல்லித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அன்றைக்குத் தாணுமாலயன் ஸ்டுடியோவில் குளிக்கவில்லை. கிழிக்காமல் குளித்து என்ன பயன்? கரமனையில் வீட்டுக்கு வந்ததும் மனம் கேட்காமல் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினார். அவர் மனைவி செண்பகவல்லி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"இது என்ன, வந்ததும் வராததுமா குளிக்கப் போறிய? யாரு செத்தா?"

அவளிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. சொல்லிவிட்டார். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கிழிச்சாச்சா?"

"இல்ல. இன்னொரு சீன் கெடக்கு. அடுத்த வாரம்."

"பெத்த பிள்ளைக்க எழவக் கையால எழுதி, அத ஒரு பெட்டியில வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கிய. இனிமே எனக்குச் சோறு எறங்குமா?"

"நான் வேணும்னா எழுதினேன்? கை எழுதிட்டு" என்றார்.

அடுத்த வாரம் வரவில்லை. எடை இல்லாமல் மிதக்கிற காட்சிக்காகக் கம்பியில் தொங்கிய கதாநாயகன் கம்பி அறுந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டு, எண்ணெய்க்கட்டு என்று அவன் கிடக்க, படம் நின்றது. தகர ராக்கெட் மழையில் துருப்பிடித்தது. சத்தியதாஸ் வேறொரு குடும்பப் படத்துக்குப் போய்விட்டார். தகரப் பெட்டி மட்டும் தாசையன் பூட்டின இடத்தில் இருந்தது. அதற்குள், வேலப்பன் செத்துப்போனதை வேலப்பனே சொல்கிற கடிதம் முழுசாக இருந்தது.

அந்த வருஷம் கப்பலிலிருந்து கடிதம் வருவது குறைந்தது. முன்பும் குறைந்திருக்கிறது. கப்பல் சுற்றிப் போனால் அப்படித்தான் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். செண்பகவல்லி கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. ஒருநாள் தாணுமாலயனிடம் சொல்லாமலே பஸ் ஏறி ஸ்டுடியோவுக்குப் போய் தாசையன் முன்னால் நின்றாள்.

"அண்ணே, நீங்களும் பிள்ள பெத்தவரு. அந்தத் தாளக் குடுங்க. இங்ஙனயே கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருதேன்."

"அக்கா, ஒரு சட்டப் பொத்தான் மாறினாலே என்னைப் பிடிச்சு வறுத்துருவாவ. படம் திரும்பத் தொடங்கும்போது கடிதம் எவிடன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அது வெறும் காயிதம் அக்கா."

"வெறும் காயிதம்னா கிழிச்சா என்ன?"

தாசையன் பெட்டியைத் திறக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

தாணுமாலயனுக்கு அதெல்லாம் உண்மையா, மூடநம்பிக்கையா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார். ஆனால் பயந்தார். சாமான் அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கண் தானாகப் பெட்டிப் பக்கம் போகும். போஸ்ட்மேன் வருகிற நேரத்தில் வீட்டில் இருந்தால் காரணமில்லாமல் எழுந்து உள்ளே போய்விடுவார். மனைவி முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

ஒருவழியாகக் கதாநாயகன் எழுந்து நடந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்ததை வெள்ளிச் சட்டை மறைத்துக்கொண்டது. அம்மா சீன் என்று நாள் குறித்ததும் தாணுமாலயன் தாசையனிடம் போனார். மை மங்கியிருக்கும், ஒருதரம் பார்த்துத் தருகிறேன் என்று கடிதத்தைக் கையில் வாங்கினார். முந்தின நாளே தேயிலைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்த இன்னொரு தாளில் அதே வரிகளை, அதே இழுப்போடு எழுதினார். இப்படிக்கு உன் மகன் என்பது வரை எழுதினார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்துப் போலவும் கிட்டத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாததாகவும் ஒரு கிறுக்கல் போட்டார். பழையதில் இருந்த மடிப்பெல்லாம் புதியதிலும் விழும்படி மடித்து தாசையனிடம் கொடுத்தார். தாசையன் ஒருமுறை விரித்துப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

பழைய கடிதத்தைக் கரமனை ஆற்றங்கரையில் வைத்துக் கிழித்தார். கிழித்ததை மறுபடி கிழித்தார். ஒரு துணுக்கிலும் ஓர் எழுத்து முழுசாக இல்லாதபடி கிழித்து ஆற்றில் விட்டு, உடுத்த வேட்டியோடு முங்கினார். ஈரத்தோடு வீட்டுக்கு வந்து, கிழிச்சாச்சு என்று சொன்னபோது செண்பகவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள், அவரையா சாமியையா என்று தெரியவில்லை. கிணற்றில் இறைத்துத் தலை முழுகி விளக்கேற்றினாள். அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அது முடிந்து கொஞ்ச நாளில் வேலப்பனிடமிருந்து கடிதம் வந்தது. மொம்பாசாவில் கப்பல் ரிப்பேருக்காகக் கிடந்ததாம், மலேரியா வந்து படுத்து எழுந்தானாம், இனி தென்னமெரிக்கா பக்கம் போகிறார்களாம். எப்போது படுத்தான், எப்போது எழுந்தான் என்று அதில் இல்லை. செண்பகவல்லிக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கிழித்த அன்றைக்குத்தான் பிள்ளை எழுந்து உட்கார்ந்திருக்கிறான் என்று தீர்மானம் பண்ணிவிட்டாள். தாணுமாலயனும் மறுக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதைக் கெடுப்பானேன்.

ராக்கெட் படம் ஒரு ஓணத்துக்குப் பிறகு வெளியானது. மகன் பேரில் கேப்டன் என்றதும் செண்பகவல்லிக்கே ஆசை வந்துவிட்டது. பட்டுச் சேலை கட்டிக்கொண்டாள். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, பூ வாங்கி வைத்துக்கொண்டு, மாட்டினிக்குப் போய் உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் சினிமாவில் கிடந்தவர், அந்தக் கையை என்றைக்கோ படம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதை எப்படி மறந்தார் என்று கேட்டால், மறந்தார், அவ்வளவுதான். கடிதம் என்றால் அவருக்குத் தாள். தாளைக் கிழித்தாகிவிட்டது. அதற்கு மேல் அவர் புத்தி போகவில்லை.

திரையில் எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பச்சை எழுத்துக்கள் தானாக அழிந்தன. வெள்ளிக் கையுறை போட்ட ஒரு கை வந்தது. அது தன் கை என்று தாணுமாலயன் கண்டுகொள்வதற்குள் அது எழுதத் தொடங்கியிருந்தது. நிறுத்த முடியாது என்று தெரிந்தும் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். உன் மகன் என்று எழுதித் திரையில் கை நின்றது. இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். கை எழுதியது. சுவர் அகலத்துக்கு, ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆள் உயரத்துக்கு, வேலப்பன் என்று நின்றது.

பிறகு வயதான அம்மா வந்தாள், குழாயைத் திறந்தாள், படித்தாள். கிழிக்கவில்லை. சத்தியதாஸின் உச்சக்கட்டமே அதுதான். அவள் அதை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறாள், கதவு சாத்திக்கொள்கிறது. கொட்டகையே அழுதுகொண்டிருந்தபோது செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

"கிழிச்சுப் போடு தாயி. உள்ள கொண்டு போவாத" என்றாள் திரையைப் பார்த்து.

முன்வரிசையில் சிரித்தார்கள். உட்காரு சேச்சி, மறைக்குது என்று ஒருவன் சொன்னான். தாணுமாலயன் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

மறுநாளே அவர் கொட்டகைக்குப் போய் ஆபரேட்டரின் காலில் விழாத குறையாகக் கேட்டார். அந்தக் கை வருகிற துண்டை மட்டும் வெட்டிவிட முடியுமா? ஆபரேட்டர் நல்ல மனுஷன், கடைசி வரை கேட்டார். "வெட்டலாம் அண்ணாச்சி. வெட்டினா என் வேலை போவும், அதும் போவட்டும். ஆனா நாகர்கோவில்ல ஓடுகதுல இருக்குமே, திருநெல்வேலில ஓடுகதுல இருக்குமே. எல்லாத்துக்கும் மூலப் பிலிம் மெட்ராஸ் லாபுல கெடக்குமே." சத்தியதாஸிடம் போனால், அந்தக் கடிதத்துக்காகத்தான் படமே ஓடுகிறது என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

செண்பகவல்லி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தக் காட்சி வருகிற நேரத்தை அவளாகக் கணக்குப் பண்ணிக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தலைமுழுக்கு என்று தொடங்கினாள். அங்கே கிழிக்க ஆளில்லை, இங்கே குளிக்கவாவது வேண்டாமா என்றாள். மாட்டினிக்கு ஒன்று, சாயங்கால ஆட்டத்துக்கு ஒன்று. முடி காயவே நேரமில்லை. இருமல் பிடித்தது. சொன்னால் கேட்கமாட்டாள் என்று தெரிந்தபின், தண்ணீராவது நான் இறைக்கிறேன் என்று தாணுமாலயன் கயிற்றை வாங்கிக்கொண்டார். ஸ்டுடியோவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பேனா எடுக்கவே கை கூசியது. மகனுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தாலும் அன்பு மகன் என்பதோடு நின்றுவிடும், அடுத்த சொல்லை எழுதப் பயம்.

போஸ்ட்மேன் தினமும் தெருவில் போனான். கொடுக்கக் கடிதம் இல்லாமல் அந்த வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை மிதிக்கிற வேகம் கூடிவிடும், பாவம், அவன்தான் என்ன செய்வான்.

படம் ஊரைவிட்டுப் போனது. நாகர்கோவில் போனது, அங்கிருந்து சின்ன ஊர்களுக்குப் போனது. அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டு குளித்தாள். கடைசியில் ஒரு நாள், பேப்பரிலும் இல்லை, சுவரிலும் இல்லை என்று ஆனபிறகு, தாணுமாலயன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இனி எங்கயும் ஓடல செண்பகம். நல்லா விசாரிச்சாச்சு. படத்த எடுத்துட்டாவ."

அவள் ஈரத் தலையைத் துவட்டுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"எரிச்சிட்டாவளா?"

"இல்ல. பெட்டில போட்டு வச்சிருப்பாவ."

"அப்பம் முழுசாத்தான் இருக்கு" என்றாள்.

தாணுமாலயன் எழுந்து கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினார்.